பேர் லவால் கல்லறைக்கு நடந்து போவது எப்படி: மொரீசியஸுக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்கு

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்துவிட்டால் நம் ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு வேளாங்கண்ணி நினைவு வந்துவிடும். 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், காவி உடுத்தி சாலையோரம் நடந்து போகிற கூட்டம். வேலைக்காக மொரீசியஸ் வந்து, ஆலை விடுதியிலோ வாடகை அறையிலோ இருந்துகொண்டு, இந்த வருஷம் போக முடியவில்லையே என்று ஏங்குகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதே செப்டம்பர் 8 இரவில் இந்தத் தீவிலும் பெருங்கூட்டம் நடக்கிறது. போர்ட் லூயிஸ் நகரின் ஓரத்தில் சேந்த் குருவா என்ற பகுதியில் இருக்கிற பேர் லவால் என்ற குருவானவரின் கல்லறைக்குத்தான் அத்தனை பேரும் போகிறார்கள் (பிரெஞ்சில் "பேர்" என்றால் தந்தை, நம் "ஃபாதர்" மாதிரி).

இதைப் பற்றித் தமிழில் விசாரித்துத் தெரிந்துகொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அறிவிப்பு எல்லாம் பிரெஞ்சிலும், இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலிலும் இருக்கும். உடன் வேலை செய்கிறவர்கள் "எல்லாருக்கும் தெரியுமே" என்பார்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பேர் லவால் யார் என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். பிரான்ஸின் நார்மண்டியில் 1803இல் பிறந்தவர். மருத்துவம் படித்தவர், பிறகு குருவானவர் ஆனார். 1841 செப்டம்பரில் இங்கே வந்து இறங்கினார். அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த மக்களோடு போய்ச் சேர்ந்தார், அவர்கள் பேசிய கிரியோலைக் கற்றார், பகல் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மாலையில் உட்கார்ந்து மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார். ஊர் ஊராகச் சின்னச் சின்ன சிற்றாலயங்கள் எழுந்தன. 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். 1979இல் அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த நாட்டுக்கு வந்ததும் ஒரு செப்டம்பர் 9 அன்றுதான்.

### 1. ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்

பையைக் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. வேண்டுதல் பட்டியல் ஒன்றைச் சுமந்துகொண்டு கிளம்பாதீர்கள். ஒப்பந்தம் நீட்டிப்பு, ஊரில் வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், அம்மாவின் சர்க்கரை நோய் என்று எல்லாமே கனமான காரியங்கள்தான், ஆண்டவருக்கு அவை தெரியும். இந்த ஒரு இரவுக்கு மட்டும் ஒரு பெயர் போதும். அதுவும் நீங்கள் சாதாரணமாக வேண்டிக்கொள்ளாத ஒருவர் பெயராக இருந்தால் நல்லது. விடுதியில் கழிவறை சுத்தம் செய்கிறவர், பக்கத்துக் கட்டிலில் இரவெல்லாம் இருமுகிற வங்காளதேசத்துப் பையன், இப்படி.

காரணம் இருக்கிறது. பெரிய அற்புதத்தை எதிர்பார்த்து நடக்கிறவருக்கு வழி முழுக்க எதுவுமே கண்ணில் படாது. "மிகச் சிறியோரில் ஒருவருக்குச் செய்தது எனக்கே செய்தது" என்ற அர்த்தத்தில் மத்தேயு 25இல் ஆண்டவர் சொன்னாரே, அதைக் கண்ணால் பார்க்கத்தான் இந்த நடை. எலியாவுக்குக் கடவுள் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் தட்டுப்படவில்லை, கடைசியில் ஒரு மெல்லிய ஒலியில்தான் தட்டுப்பட்டார். காதைத் தீட்டி வைத்துக்கொண்டால்தான் அது கேட்கும்.

முடிந்தால் ஆகஸ்ட் 31ஆம் தேதியே தொடங்குங்கள். செப்டம்பர் 8 வரை எண்ணினால் சரியாக ஒன்பது நாள், ஒரு நவநாள் கணக்கு. நாளுக்கு ஒரு சின்னக் காரியம், யாரிடமும் சொல்லாமல். அறையில் எல்லாருடைய பாத்திரத்தையும் கழுவி வைப்பது ஒரு நாள். கோபமாகப் பேசுகிற மேற்பார்வையாளருக்குப் பதில் பேசாமல் ஒரு வணக்கம் சொல்வது இன்னொரு நாள். இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் அந்த இரவு ஒன்றாக இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

### 2. விடுப்பும் காகிதங்களும்

செப்டம்பர் 9 இங்கே அரசு விடுமுறை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "ஊரே போகுதே, லீவுதான் இருக்கும்" என்று நினைத்து வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டுச் சம்பளப் பிடித்தம் வாங்குகிறார்கள். லோக்கல் லீவு (வருடாந்திர விடுப்பு) இருந்தால் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். விடுப்பு கிடைக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம். 8ஆம் தேதி மாலை ஷிப்ட் முடிந்த பிறகு கிளம்பி விடியற்காலைத் திருப்பலி பார்த்துவிட்டு நேரே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தையல் இயந்திரத்திலோ வெட்டும் கருவியிலோ வேலை என்றால் தூக்கமில்லாமல் போய் உட்காராதீர்கள். கை விரல் போய்விடும்.

விடுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு காகிதமும் வேண்டும். இரவில் வெளியே தங்க அனுமதி. பல விடுதிகளில் குறிப்பிட்ட நேரத்துக்குமேல் கேட்டைத் திறக்க மாட்டார்கள். வாயால் சொன்ன அனுமதியை நம்பி இரவு இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, வாசல் காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பது எவ்வளவு வேதனை என்று எனக்குத் தெரியும். எத்தனை பேர், யார் யார், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் எல்லாம் எழுதி ஒரே கடிதமாகக் கொடுங்கள். கையெழுத்து வாங்கிய நகல் ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகல், வேலை அனுமதி மற்றும் வசிப்பு அனுமதியின் நகல், நிறுவனம் கொடுத்த அடையாள அட்டை. அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போகவே போகாதீர்கள், அவ்வளவு கூட்டத்தில் தொலைந்தால் அலைச்சல் பெரிது. ஒரு துண்டுக் காகிதத்தில் உடன் வருகிறவர்களின் எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போன் சார்ஜ் இறங்கினால் உதவும். அவசரத்துக்குப் போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 114.

கல்லறையில் யாரும் எந்தக் காகிதமும் கேட்க மாட்டார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம். இந்துக்கள், முஸ்லிம்கள் எல்லாரும் வருகிற இடம் அது.

### 3. எங்கிருந்து நடப்பது

முதல் முறை நடக்கிறவருக்கு என் யோசனை ரோஸ் ஹில். அங்கிருந்து 12 கிலோமீட்டருக்குமேல். ஓய்வோடு சேர்த்து மூன்றரை, நான்கு மணி நேரம். போ பாசேன், கொரமாண்டல், கிராண்ட் ரிவியேர், அப்புறம் போர்ட் லூயிஸ் நகரைக் கடந்து சேந்த் குருவா. பெரும்பாலும் இறக்கம்தான், மூட்டுவலி இருப்பவர்களுக்கு அதுவே சோதனை. க்யூர்பீப்பிலிருந்து என்றால் 20 கிலோமீட்டருக்குமேல், ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே மாயெபூரிலிருந்தே நடந்து வருகிறவர்களும் உண்டு, அது பழகியவர்களுக்கு மட்டும். வடக்கில் வேலை பார்ப்பவர்கள் தேர் ரூஜ் பக்கமாக வரலாம், அது நகருக்குள் போகாமலே வந்து சேரும்.

வேறு ஊரில் இருந்தாலும் மெட்ரோவில் ரோஸ் ஹில் வந்து இறங்கி நடையைத் தொடங்கலாம். க்யூர்பீப், காத்ர் போர்ன் எல்லாம் அதே பாதையில்தான் இருக்கின்றன.

நேரம்: விடியற்காலைத் திருப்பலிக்கு நடக்கப் போகிறீர்கள் என்றால் ரோஸ் ஹில்லில் நள்ளிரவு வாக்கில் தொடங்குங்கள். மாலையிலேயே போய்விட்டு இரவுக்குள் திரும்ப நினைத்தால் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். திருப்பலி நேரங்கள், மூடப்படும் சாலைகள், கூடுதல் பேருந்துகள் ஆகியவை ஒவ்வொரு வருஷமும் மாறும். உள்ளூர்ப் பங்கு ஆலய அறிவிப்புப் பலகையிலும் நாளிதழ்களிலும் செப்டம்பர் முதல் வாரத்தில் வரும். பிரெஞ்சு தெரிந்த ஒருவரிடம் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். போன வருஷ அட்டவணையை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

பெண்கள் தனியாக நடக்க வேண்டாம், ஆண்களும்தான். நான்கைந்து பேர் சேர்ந்தால் சரி. வண்டிகள் இடப்பக்கம் போகிற நாடு, நம் ஊர் மாதிரியேதான். சாலையோரம் நடைபாதை இல்லாத இடங்களில் எதிரே வருகிற வண்டி தெரிகிற மாதிரி வலப்பக்கம் நடங்கள். தெருநாய்கள் கொரமாண்டலுக்கு முன்னும் பின்னும் நிறைய. கூட்டத்தோடு போனால் ஒன்றும் செய்யாது.

### 4. பையும் பணமும்

செப்டம்பர் இங்கே குளிர்காலத்தின் கடைசி. க்யூர்பீப் மேட்டில் இரவில் தூறலும் குளிரும் இருக்கும், கீழே போர்ட் லூயிஸ் வந்ததும் வியர்க்கும். மெல்லிய மழை அங்கி ஒன்று, கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிற ஸ்வெட்டர் ஒன்று. பழகிய செருப்போ ஷூவோ போடுங்கள், புதுசு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து ரத்தம் வழிய உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றுக் காலுறை ஒன்று. டார்ச். ஒரு லிட்டர் தண்ணீர். ஜெபமாலை.

செலவு என்று பார்த்தால் மிகக் குறைவு. நுழைவுக் கட்டணம் கிடையாது. மெழுகுவர்த்தி, பூ, வழியில் இரண்டு தோல் பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி), திரும்பி வரப் பேருந்துக் காசு. இந்த ஊர்ப் பணத்தில் ஐந்நூறு ரூபாய் கையில் இருந்தால் தாராளம். அதையும் சில்லறையாக, 25, 50 ரூபாய் நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். நடு இரவில் ஆயிரம் ரூபாய் நோட்டை நீட்டினால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். காணிக்கை பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆலயத்தில் ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசைத்தான் ஆண்டவர் கவனித்துச் சொன்னார். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் கை வைக்காதீர்கள்.

மெழுகுவர்த்தியைப் பெரிதாக வாங்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். சின்னது ஒன்று போதும், அங்கேயே கிடைக்கும்.

### 5. வழியில்

இதுதான் முக்கியம். அவசரப்படாமல் படியுங்கள்.

வேளாங்கண்ணி நடையில் பாட்டும் முழக்கமுமாகப் போய்ப் பழகியவர்களுக்கு இது முதலில் சப்பென்று தோன்றும். சில குழுக்கள் பாடுவார்கள், சிலர் ஜெபமாலை சொல்வார்கள், பலர் சும்மா பேசிக்கொண்டே நடப்பார்கள். தேர் கிடையாது, வாணவேடிக்கை கிடையாது. பக்தியே இல்லையே என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள்.

வீட்டு வாசலில் மேசை போட்டுத் தண்ணீரும் தேநீரும் கொடுப்பார்கள். போ பாசேன் தாண்டி ஒரு வீட்டு வாசலில் பார்த்தேன். எண்பது வயது இருக்கும் அந்தப் பாட்டிக்கு, கை நடுங்குகிறது. ஒவ்வொரு காகிதக் கோப்பையையும் பாதிதான் நிரப்புகிறார், சிந்தக் கூடாதென்று. நிரப்பிய கோப்பையை மேசையில் வைக்காமல், இரண்டு கையாலும் ஏந்தி, வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார். அடுத்த ஆளுக்கும் அப்படியே. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, அவர் வேகத்தைக் கூட்டவில்லை. திருப்பலியில் பாத்திரத்தை உயர்த்துகிற நேரம் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்படிப்பட்ட கோப்பையை வாங்கிக் குடித்துவிட்டுச் சாலையில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள். நின்று, முகம் பார்த்து, "மெர்சி" சொல்லுங்கள். காலிக் கோப்பையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிரியோலில் இரண்டு மூன்று வாக்கியம் தெரிந்திருந்தால் போதும். தண்ணீர் வேண்டுமென்றால் "ஏன் தி தேலோ, சில்வூப்ளே." கொஞ்சம் உட்கார வேண்டுமென்றால் "மோ காபாவ் ரெபோஸ் ஏன் திகித்?" திருப்பலி எத்தனை மணிக்கு என்று கேட்க "கி லேர் லாமெஸ்?" உச்சரிப்பு தவறினாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள்.

நடக்கும்போது நான் சொல்கிற முறை இது: முதல் ஒரு மணி நேரம் நண்பர்களோடு பேசுங்கள், ஆசை தீர. இரண்டாவது மணி நேரம் ஜெபமாலை. அதற்குப் பிறகு கால் வலிக்கத் தொடங்கும், வாய் தானாக மூடிக்கொள்ளும். அப்போது நீங்கள் எடுத்து வந்த பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, கண்ணில் படுகிறவர்களைப் பாருங்கள். குழந்தையைத் தோளில் தூங்கவைத்து நடக்கிற அப்பா. அம்மாவின் செருப்பு வார் அறுந்துபோக, மண்டியிட்டுக் கைக்குட்டையால் கட்டிக்கொடுக்கிற மகன். பின்தங்கிய ஒருவருக்காகக் கும்பல் மொத்தமும் நிற்பது. தூக்கம் கண்ணைச் சொக்கும்போது இவை தவறிப்போகும், ஆகவே முந்தின பகலில் இரண்டு மணி நேரமாவது தூங்கிவிட்டு வாருங்கள்.

வீடியோ எடுத்துக்கொண்டே நடப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் உள்ளவர்களுக்குக் காட்ட ஒன்றிரண்டு படம் எடுங்கள், போதும். போனைப் பைக்குள் போட்டுவிட்டால்தான் பக்கத்தில் நொண்டிக்கொண்டு வருகிறவர் தெரிவார்.

### 6. கல்லறையில்

வரிசை நீளமாக இருக்கும். 8ஆம் தேதி மாலையிலும் 9ஆம் தேதி காலையிலும் மிக அதிகம். விடிவதற்கு முந்தின மணிகளில் கொஞ்சம் குறையும்.

கல்லறைமேல் அவர் படுத்திருக்கிற மாதிரி ஓர் உருவம். அதைத் தொட்டு, சிலர் கைக்குட்டையை வைத்து எடுத்து, பூ வைத்து நகர்வார்கள். உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிதான். அங்கே நின்று என்ன வேண்டுவது என்று யோசிக்கத் தொடங்கினால் பின்னால் இருப்பவர்கள் தள்ளுவார்கள். அதனால்தான் ஒரே பெயர் என்றேன். தொடுங்கள், பெயரைச் சொல்லுங்கள், நகருங்கள். நிதானமாக ஜெபிக்க ஆலயத்துக்குள் போய் உட்காரலாம்.

மல்லிகைச் சரம் வைத்து, நெற்றியில் குங்குமத்தோடு, பேத்தியின் கையைப் பிடித்துக் கல்லறைமேல் வைக்கிற தமிழ்ப் பாட்டிகளை நிச்சயம் பார்ப்பீர்கள். கைலாசம் என்று சொல்கிற சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவர்களிடம் போய் "நீங்க கிறிஸ்தவங்களா?" என்று கேட்காதீர்கள். "வணக்கம் பாட்டி" என்றால் முகம் மலரும். தமிழில் பேச வராவிட்டாலும் அந்த ஒரு சொல் தெரியும்.

ஒப்புரவு அருட்சாதனம் பெற விரும்பினால், தமிழ் தெரிந்த குருவானவர் கிடைப்பார் என்று நம்பி இருக்காதீர்கள். ஆங்கிலத்தில் சொல்லலாம். தடுமாறுவோம் என்று தோன்றினால் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வாருங்கள், முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பாடு, தேநீர் எல்லாம் நிறுத்திவிட வேண்டும். தண்ணீரும் மருந்தும் குடிக்கலாம். கடைசி இரண்டு கிலோமீட்டரில் யாராவது அன்போடு பலகாரம் நீட்டினால் மறுக்காமல் வாங்கிப் பையில் வைத்து, திருப்பலி முடிந்த பின் சாப்பிடுங்கள்.

### 7. திரும்பி வருவது

நடந்து வந்த வேகத்தில் நடந்தே திரும்புவோம் என்று கிளம்பாதீர்கள். இமிகிரேஷன் ஸ்கொயர் பேருந்து நிலையம் வரை வந்தால் வடக்கே போகும் பேருந்துகள் இருக்கும், தெற்கே போகிறவர்கள் விக்டோரியா நிலையத்துக்குப் போக வேண்டும். கடைசிப் பேருந்து நேரத்தை முன்னாலேயே கேட்டு வையுங்கள், விழா இரவு என்பதால் எல்லா ஊருக்கும் வண்டி இருக்கும் என்று அர்த்தமில்லை. டாக்சி என்றால் ஏறுவதற்கு முன் தொகை பேசிக்கொள்ளுங்கள்.

### 8. பத்தாம் தேதியிலிருந்து

பலர் இதோடு முடிந்தது என்று அடுத்த செப்டம்பர் வரை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். நடந்த கால் ஆறுவதற்குள் தொடங்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. தினமும் இரவு படுப்பதற்கு முன் பத்து நிமிடம், கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆன்ம சோதனை. காலையிலிருந்து நடந்ததைப் பின்னோக்கிப் பாருங்கள். யார் என்ன கொடுத்தார்கள், யாருக்கு என்ன கொடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான். அக்டோபர் 1 சிறுமலர் தெரேசா திருநாள் வரை விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும். சின்னக் காரியங்களை அன்போடு செய்வதையே தன் வழியாகக் கொண்டவர் அவர், இதற்குப் பொருத்தமான நாள்.

அப்புறம், பெயரை எடுத்துப் போனீர்களே, அந்த ஆளைப் போய்ப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள். உனக்காக நடந்தேன் என்று சொல்ல வேண்டாம். ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள், இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள், ஊரில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இரவு ஷிப்ட் இருப்பவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள், கர்ப்பிணிகள் இந்த நடைக்கு வரவே வேண்டாம். வேறொரு நாளில் போய் வரலாம். கல்லறை வருஷம் முழுவதும் இருக்கிறது, கூட்டமும் இருக்காது, தொட்டபடி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். இமிகிரேஷன் ஸ்கொயரில் "பேர் லவால்" அல்லது "சிதே லா க்யூர்" என்று பலகை போட்ட பேருந்தில் ஏறி, நடத்துனரிடம் "பேர் லவால்" என்று சொல்லிவிடுங்கள், சரியான நிறுத்தத்தில் இறக்கிவிடுவார்.